ஏப்ரன் பாக்கெட்டில் இருந்த மாத்திரைகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் வேலை செய்யும் ஷூ கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் பாஷா பாய் வந்தார். கையில் ஒரு பை. நண்பரின் டிபன் பாக்ஸ், கண்ணாடி, அழுக்கு ஏப்ரன். நண்பரின் மனைவி ரோஸ்லின் ஏப்ரனைத் துவைக்கப் போட உதறினார். பாக்கெட்டிலிருந்து மாத்திரைகள் தரையில் உருண்டன.

நண்பர் ஜெயசீலன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். வலது கை வராது. பேச்சு வராது.

என் மாத்திரைப் புராணத்தை இந்தப் பக்கத்தில் படித்து அலுத்தவர்கள் மன்னிக்க... எனக்கு இதயத்தில் உலோக வால்வு. ஜெயசீலனுக்கு வால்வு நன்றாக இருந்தது, துடிப்புதான் தாறுமாறு. அப்படித் துடித்தால் இதயத்துக்குள் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம். ஆகவே இருவருக்கும் ஒரே மாத்திரை, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் பழைய வார்ஃபரின். வேலூரில் ரத்தப் பரிசோதனை வரிசையில்தான் நாங்கள் சிநேகமானோம்.

வார்ஃபரின் ஒரு சிடுமூஞ்சி மேனேஜர். கீரை ஜாஸ்தியானால் கோபம். வேறு மாத்திரை சேர்ந்தால் கோபம். மாதாமாதம் ஊசி குத்தி ரத்தம் கொடுத்து அதன் மூடு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்ற வருடம் ஜெயசீலனுக்கு டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலை டிபனோடு ஒன்று. மாதாமாதம் வரிசையில் நிற்க வேண்டாம், கீரைக்குத் தடையில்லை, மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் பழையதைவிடக் குறைவு. எனக்கும் அதையே கேட்டேன். "உலோக வால்வுக்கு அது ஆகாது. உங்களுக்குப் பழசுதான்" என்று சொல்லிவிட்டார்.

பொறாமையாக இருந்தது. ஜெயசீலன் விடுவாரா?

"இன்னா சார், நீங்க போய் வரிசைல நில்லுங்க. நான் முருங்கக்கீரை துன்னுட்டு வர்றேன்."

அந்த மனிதர்தான் மூன்று வாரம் முன்பு, காலை ஷிஃப்ட்டில், கையிலிருந்த கத்தியை நழுவவிட்டார். குனிந்து எடுக்கப் போனார், கை மூடவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பாஷா பாய் தாமதிக்கவில்லை. கம்பெனி வண்டியிலேயே வேலூருக்குக் கொண்டுபோய்விட்டார். ரோஸ்லினும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார்.

சீக்கிரம் போனால் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. பலருக்குக் கை கால் திரும்பியிருக்கிறது. ஆனால் அந்தப் புது மாத்திரையை இரண்டு நாளுக்குள் போட்டவருக்கு இந்த ஊசியைப் போடத் தயங்குவார்கள். மூளைக்குள் ரத்தம் கொட்டிவிடலாம். குழாய் விட்டுக் கட்டியை எடுக்கவும் வழியில்லை. அடைப்பு சின்ன ரத்தக் குழாயில், எட்டாத இடத்தில்.

டாக்டர் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போடறாரா?"

ரோஸ்லின் சொன்னார்: "ஒரு நாள்கூட வுட்டதில்ல சார். நான்தான் பிரிச்சிக் கையில குடுக்கறேன். இன்னிக்குக் காலையிலகூட குடுத்தேன்."

ஊசி போடவில்லை.

டாக்டர் செய்தது சரி. ரோஸ்லின் சொன்னதும் அவருக்குத் தெரிந்த உண்மை. அந்த அறையில் சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். அவரால் பேச முடியவில்லை.

இப்போது அந்தப் பதில் தரையில் கிடந்தது, தோல் தூசி ஒட்டிக்கொண்டு.

பாஷா பாய்தான் மெதுவாக ஆரம்பித்தார். ஜெயசீலன் சாம்பிள் செக்‌ஷனில் கட்டர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் மாதிரி ஷூவுக்குக் கையால் தோல் வெட்டுபவர்.

"க்ரீம் கலர் தோலும்மா. போன மாசம் வெரல்ல லேசா கீறிக்கிச்சு. ரத்தம் நிக்கவே இல்ல. தோல்ல சொட்டி பீஸெல்லாம் ரிஜெக்ட். ரொம்ப பேஜாராப் போச்சு அவருக்கு. 'சாம்பிள் முடியற வரைக்கும் மாத்திரைய நிறுத்திக்கறேன் பாய், முன்ன பல்லு புடுங்க டாக்டரே நிறுத்தச் சொன்னாரு, ஒண்ணும் ஆவல'ன்னாரு. நானும் சரின்னு நெனச்சேன். டாக்டரு உங்களக் கேட்டப்ப நான் வெளிய வண்டிகிட்ட நின்னுட்டிருந்தேம்மா."

பல் பிடுங்கியது பழைய மாத்திரையின் காலத்தில்! அதை நிறுத்தினாலும் அதன் வேலை உடம்பில் சில நாள் தங்கும். (அதற்காக நீங்களாக விடலாம் என்று அர்த்தமில்லை.) புதியது அப்படியல்ல. போட்ட நாளில் ஒழுங்காக உழைக்கும். ஷிஃப்ட் முடிந்தால் கிளம்பிவிடும். மறுநாள் போடாவிட்டால் காவலுக்கு ஆளே இல்லை.

எனக்குக் கோபமாக வந்தது. தோலில் ஒரு சொட்டு ரத்தம் படக்கூடாது என்று இவ்வளவு பார்த்தவர், தன் மூளையைப் பார்க்க வேண்டாமா? டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கத்தி இறங்காத கையுறையோ, கொஞ்ச நாளைக்கு வேறு செக்‌ஷனோ... ஏதோ ஒரு வழி கிடைத்திருக்காதா? ஆனால் தூக்கியெறியாமல் பாக்கெட்டில் சேர்த்து வைத்திருக்கிறாரே. ஆர்டர் முடிந்ததும் மறுபடி போடலாம் என்றுதானே? அதை நினைத்ததும் கோபம் நிலைக்கவில்லை, அழுகைதான் வந்தது.

ரோஸ்லின் மாத்திரைகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டாக்டருகிட்ட நான் பொய் சொல்லிட்டனா அண்ணே?"

"இல்லம்மா. உனக்குத் தெரியாது."

இது ஓர் ஆறுதலா? எனக்கே தெரியவில்லை.

டிபன் நேரம். ரோஸ்லின் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் போனேன். ஜெயசீலனைச் சாய்த்து உட்காரவைத்து, மசித்த இட்லியை ஊட்டி, அன்றைய மாத்திரையை நாக்கில் வைத்தார். ஏப்ரனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அறைக்கு வெளியே நாங்கள் பேசியது அவர் காதில் விழாமல் இருந்திருக்குமா?

ஜெயசீலன் சிரமப்பட்டு விழுங்கினார். பிறகு, யாரும் கேட்காமலேயே, கோணிய வாயை முடிந்தவரை அகலமாகத் திறந்து மனைவியிடம் காட்டினார்.

மறுநாள் நானும் என் மாத்திரையை விழுங்கிவிட்டு என் மனைவியிடம் வாயைத் திறந்து காட்டினேன். "இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்... ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.