காப்பு கட்டிய வீட்டில் கொடுவா மீன்

ஏற்காட்டுக்கு மீனைத் தூக்கிக்கொண்டு போகிறவன் அனேகமாக நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பங்குனியில் மலையில் விளையும் பீன்ஸ், பச்சைப் பட்டாணி, பிஞ்சு கேரட் இவற்றோடு கொடுவாவை வெண்ணெய் சாஸில் சமைத்து என் சமையல் பக்கத்தில் படம் போட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மனைவியோடு கிளம்பினேன்.

சேலம் மார்க்கெட்டில் ஒன்றரைக் கிலோ கொடுவா, கிலோ 600 ரூபாய். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டித் தந்தார்கள். அடிவாரம் வழியாக வாடகைக் காருக்கு 1,400. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று ஓட்டுநர் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் புலம்பிக்கொண்டே வந்தார்.

நாங்கள் தங்கியது ஏற்காட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு விவசாயி வீட்டில். ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார்கள், சமையலறை எல்லோருக்கும் ஒன்றுதான். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. வீட்டுக்கார அக்கா சின்னப்பொண்ணுவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொன்னால் பொய். எங்கள் தெருவிலும் ஆடியில் காப்பு கட்டுவார்கள், கட்டிய வீட்டில் கவிச்சி சேர்க்க மாட்டார்கள். தெரிந்தும் வேப்பிலையை அழகாகப் படம் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

சமையலறையைக் கேட்டேன். அக்கா பெட்டியைப் பார்த்தார். ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது, விட்டால் கெட்டுவிடும் என்று அவசரப்படுத்தினேன். அவர் "செய்யுங்க சாமி" என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

செய்முறை கேட்டிருந்தீர்கள். மீனின் ஈரத்தைத் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, எண்ணெய் காய்ந்த சட்டியில் தோல் பக்கம் அடியில் இருக்கும்படி ஐந்து நிமிடம், திருப்பி இரண்டு நிமிடம். காய்களைக் கொதிநீரில் இரண்டே நிமிடம். சிறு தீயில் வெண்ணெயை உருக்கி, பூண்டும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மேலே ஊற்றினால் முடிந்தது. பிரமாதமாக வந்தது. படத்தையும் நீங்கள் பார்த்தீர்கள், பாராட்டினீர்கள்.

ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர்களைத் தேடிப் போனேன். கொல்லையில் மூன்று கல் கூட்டி, புதுப் பானையில் அக்கா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் ஊன்றுகோலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மிளகு பறிக்க ஏறிய சில்வர் ஓக் மரத்திலிருந்து போன வருடம் விழுந்தவர்.

அவர்தான் சொன்னார். "நான் எந்திரிச்சு நடந்தா பால்குடம் எடுக்கறேன்னு இவ வேண்டிக்கிட்டாளுங்க. நாளன்னிக்கு ஆத்தா கோயில் நோம்பி. ஊட்டுக்குள்ள மீன் சமைச்சப்புறம் இந்த வருசம் எடுக்கக் கூடாதுங்க."

முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"ஐஸ் கரையுதுன்னீங்களே" என்றார் அவர். அதில் குத்தல் எதுவும் இல்லை.

அக்கா அடுப்பை ஊதியபடியே, "ஊட்டுக்கு வந்தவங்களை எப்படிங்க வேண்டாம்னு சொல்றது? ஆத்தா எங்க போயிருவா, அடுத்த வருசம் எடுத்துக்கறேனுங்க" என்றார். என் கையில் தட்டு ஆறிப்போனது.

பங்குனியில் மலைக்குப் போகிறவர்களுக்கு: அறை பதிவு செய்யும்போதே ஊரில் நோம்பி எப்போது என்று கேட்டுவிடுங்கள். சமையலறையைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் விட்டுக் கேளுங்கள். அந்த மலைக்காரர்கள் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். வேப்பிலை கட்டிய வாசலைக் கண்டால் மீனைக் காரிலேயே விட்டுவிடுங்கள். கெட்டால் கெடட்டும், 900 ரூபாய்தான்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கிளம்பினோம். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. அக்கா என் தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, அது நிறைய பீன்ஸும் கேரட்டும் போட்டுக் கொண்டுவந்தார். அதை நீட்டிய கையில் மஞ்சள் கயிறு இல்லை. நான் வாங்கிக்கொண்டேன்.