ஏறாவூர்க் காக்கா தந்த போத்தல்

பெற்றோலுக்கு வரிசையில் நின்றே நாட்கள் போன காலத்தில், அத்தான் தன் பழைய மோட்டார் சைக்கிளை எனக்குத் தந்தார். அக்காவைக் கட்டுவதற்கு முன்பே அவர் வாங்கியது. வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போக எனக்கு வேறு வழியில்லை என்பதற்காகவே மனமில்லாமல் தந்தார்.

"வாவிக் காத்துல துருப்பிடிக்கும் தம்பி, துடைச்சு வை" என்றார்.

பங்கீட்டுக் கோட்டாவில் கிடைத்த பெற்றோல் ஒரு வாரத்துக்குப் போதவில்லை. நானோ விஞ்ஞான ஆசிரியர், மூளை சும்மா இருக்குமா? ஆய்வுகூட அலுமாரியில் இருந்த ஸ்பிரிட்டை எடுத்துவந்து தாங்கிக்குள் கலந்து ஊற்றினேன். வெளிநாடுகளில் கலந்துதானே ஓடுகிறார்கள் என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். ஸ்பிரிட் தண்ணீரை இழுக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவனும் நான்தான். வண்டி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் வாரம் முக்கி முக்கி நின்றுவிட்டது. அத்தானும் நானும் அதை ஏறாவூருக்கு ஏற்றிக்கொண்டு போனோம். பழைய வண்டிகளுக்கென்றே பேர்பெற்ற மெக்கானிக் காக்கா அங்கே இருந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கொஞ்ச நாளைக்கு முன்புதான் அவர் அதன் காபரேட்டருக்குப் புது ரப்பர்கள் போட்டுக் கொடுத்திருந்தார். காபரேட்டரைக் கழற்றினார். ரப்பரெல்லாம் ஊறி வீங்கிக் கிடந்தன, உள்ளே வெள்ளையாய் அரித்திருந்தது. மணந்து பார்த்தார்.

"என்னத்தச் சேர் ஊத்தின நீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார்.

"பெற்றோல் செட்டுல அடிச்சதுதான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க போட்ட ரப்பர்தான் மட்டமான சாமான் போல" என்றும் சொன்னேன்.

காக்கா வீங்கிய ரப்பரை மேசையில் வைத்தார். "இவ்வளவு காலமும் உங்கள நம்பித்தானே வந்த நான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அத்தான் வெளியே போனார். அதன்பிறகு காக்கா, தாங்கியில் இருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்தார். மேலே பெற்றோலும் அடியில் கலங்கலாய் ஸ்பிரிட்டும் தண்ணீரும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. மூடியை இறுக்கி என் கையில் தந்தார்.

"வகுப்புல காட்டுங்க சேர். புள்ளையளுக்கு உதவும்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் போத்தலை நான் எந்த வகுப்பிலும் காட்டவில்லை. ஆய்வுகூட அலுமாரியில், முன்பு ஸ்பிரிட் இருந்த இடத்தில் இருக்கிறது.

அத்தான் இப்போது வேறு கடைக்குப் போகிறார். வண்டி திருத்த இடம் கேட்கிறவர்களிடம், "அந்தக் காக்காட்டக் குடுக்காதீங்க, மட்டமான சாமான் போடுறார்" என்கிறார். போன கிழமையும் அக்கா வீட்டு வாசலில் வைத்து ஒருவரிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சாட்சிக்கு என்னைப் பார்த்தார். வெட்கக்கேடு, நான் தலையாட்டினேன்.