இடப்பக்கத்து வலை

மழைக்குப் பிறகு வெருகல் ஆற்றில் பாறைகள் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும் ஓர் இடம் உண்டு. வலப்பக்கம் பாய்ச்சல் கடுமை. இடப்பக்கம் இலேசு. "வலப்பக்கத்தால வா மச்சான்!" என்று கத்திவிட்டு, நண்பன் தன் கயாக் படகோடு முன்னால் இறங்கி வளைவில் மறைந்தான்.

எனக்குப் பயம். அவன் காணமாட்டான் என்ற துணிவில் இடப்பக்கம் திரும்பினேன். சாய்ந்த கிளையொன்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஆற்றங்கரைக் கோயிலுக்கு வந்த யாரோ நேர்த்திக்கடனுக்குக் கட்டியது என்று நினைத்து அதன் கீழால் போனேன். கீழே வலை இருக்கிறது என்பதற்கு மீன்பிடிக்கிறவர்கள் வைத்த அடையாளம் அது. கயாக் கவிழ்ந்து, தண்ணீருக்குள் என் கால்களை வலை சுற்றிக்கொண்டது.

கரையிலிருந்து ஒருவர் பாய்ந்தார். தன் வலையைத் தானே கத்தியால் அறுத்து என்னை இழுத்தெடுத்தார். "துணியைக் காணேல்லையோ தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

சற்றுநேரத்தில் நண்பன் கரையால் ஓடிவந்தான். "எந்தப் பக்கத்தால வந்தனீ?"

"வலப்பக்கத்தாலதான். தண்ணி அடிச்சுக்கொண்டு வந்து இங்கால போட்டிட்டுது," என்றேன்.

அறுந்த வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு நண்பனிடம், "ஓம், இண்டைக்கு இழுவை கூடத்தான்," என்றார்.

உயிரைக் காப்பாற்றியதற்கு அன்றே நன்றி சொல்லிவிட்டேன். இதற்குச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.