குண்டுமணியின் மூச்சு

ஜெயகுமாரி கண்விழித்ததும் நேரே போய் ஆமையின் முன்னங்காலைத் தொடுவாள். கால் வெடுக்கென்று ஓட்டுக்குள் போனால்தான் அவளுக்கு நிம்மதி. கொஞ்சம் தாமதமானால் உடனே இன்னொரு தடவை தொடுவாள்.

ஆமை அவள் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. மகள் ஆஷ்லி ஒன்பதாவது படிக்கும்போது அழுது அடம்பிடித்துக் கொண்டுவந்தது. கருத்த ஓடு, கால்களில் ரத்தச் சிவப்பாகச் செதில்கள். அதைப் பார்த்ததும் அவள் கணவன் சைலஸ், "இது நம்ம ஊரு குண்டுமணில்லா!" என்று சிரித்தான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்த நாட்களில் ஜெயகுமாரி மட்டும் கிட்டே போகமாட்டாள். போனாலும் கையுறை போட்டுக்கொள்வாள், திரும்பி வந்து இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவுவாள்.

நாகர்கோவிலில் பி.ஃபார்ம். முடித்தவள். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு வாங்கிப் பதினெட்டு வருடம். அருகிலிருந்த ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை. வெப்பமும் ஈரப்பதமும் மாறாத பெட்டிகளில் மாத்திரைகளை மாதக்கணக்கில் வைத்து, கெட்டுப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். எதையும் ஒன்றுக்கு நாலு தடவை சரிபார்க்கிற அவளுடைய சுபாவத்துக்குப் பொருந்திய வேலைதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு சைலஸ் சோபாவில் சாய்ந்தான். தூங்கட்டும் என்று டிவி சத்தத்தைக் குறைத்தாள். இரண்டு மணிநேரம் பாத்திரம்கூடக் கழுவாமல் சத்தமின்றி நடந்தாள். நாலு மணிக்கு டீயோடு போய்த் தொட்டபோது அவன் கை சில்லிட்டிருந்தது.

அன்றிலிருந்து அசையாமல் கிடக்கிற எதைப் பார்த்தாலும் அவளுக்குப் பயம். ஆஷ்லி காலேஜுக்கு டெக்சாஸ் போனபின் வீட்டில் அவளுக்குத் துணையாக மிஞ்சியது, நாளில் பாதி நேரம் கல்லாகக் கிடக்கும் ஓர் ஆமை. காலையில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது; கையுறை மட்டும் விடவில்லை.

போன பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிற உறைமழை பெய்தது. தெருவும் மரக்கிளைகளும் கண்ணாடி பூசியதுபோல மின்னின. காலை ஏழு மணிக்கு கரண்ட் போனது. ஹீட்டர் நின்றது, ஆமைக் கூண்டின் விளக்கும் அணைந்தது. கூண்டுக்குள் எப்போதும் எண்பத்து நாலு டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கத் தூங்கிச் சமாளிக்கிற ஜாதி அல்ல அது; குளிர் பட்டால் நுரையீரலில் சளி கட்டிவிடும். பத்து மணிக்கு எழுபத்து மூன்று. நண்பகலில் அறுபத்தாறு. தீக்குச்சி உரசி அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீரை பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். எண் இறங்கிக்கொண்டேயிருந்தது.

ஒன்றரை மணிக்கு குண்டுமணி கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து விசில்போல ஒரு சத்தம். மூக்கில் ஒரு குமிழி உப்பி உடைந்தது. கையுறை மாட்டிக்கொண்டு அதன் காலைத் தொட்டாள். கால் உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை தொட்டாள். அசைவில்லை.

இந்தமாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற கிளினிக் நாற்பது நிமிடத் தொலைவில் இருந்தது. போனில், ஐந்து மணிவரை இருப்போம், கொண்டுவாருங்கள் என்றார்கள். பனியில் அவள் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை. அதெல்லாம் சைலஸ் பொறுப்பு; அவன் போனபின் இப்படிப்பட்ட நாளில் லீவு போட்டுவிடுவாள். கூட வேலைபார்க்கும் சேனாபதியைக் கூப்பிட்டாள்.

"ஐயோ மேடம், எங்க டிரைவ்வேல மரம் விழுந்து கெடக்குது. வண்டிய எடுக்கவே முடியல. நீங்க வெயிட் பண்ணுங்களேன்."

"வெயிட் பண்ண முடியாது சார். மூச்சு விட கஷ்டப்படுது."

சேனாபதி ஒவ்வொன்றாகச் சொன்னார். "சரி, கேளுங்க. லோ கியர்ல போடுங்க. பிரேக்க அழுத்தாதீங்க, லேசா தொடுங்க. வழுக்குச்சுன்னா ஸ்டியரிங்க ஒடிச்சு திருப்பாதீங்க. மெயின் ரோட்ல உப்பு போட்டு ஐஸ கரைச்சிருப்பாங்க. அதுவரைக்கும்தான் டேஞ்சர்."

குண்டுமணியை அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டிக்கு சீட் பெல்ட் மாட்டினாள். தெருமுனை இறக்கத்தில் கார் தானாகப் பக்கவாட்டில் சறுக்கியது. எதிரே நின்ற தபால்பெட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. ஒரு முழம் இடைவெளியில் கார் நின்றது. கை ஸ்டியரிங்கிலிருந்து பிரிய மறுத்தது. பெட்டிக்குள்ளிருந்து அந்த விசில் சத்தம். சத்தம் கேட்கும்வரை உயிர் இருக்கிறது என்று வண்டியை எடுத்தாள். வழிநெடுக ரேடியோ போடவில்லை. ஒரு சிக்னலில் சத்தம் நின்றுவிட்டதுபோலத் தோன்ற, வெறுங்கையை உள்ளே விட்டு ஓட்டைத் தடவினாள். கையுறை போடவில்லை என்பதே அப்போது நினைவில்லை.

நிமோனியா என்றார் டாக்டர். ஐந்து நாள் கிளினிக்கில் வைத்துக்கொண்டு, பிறகு மூன்று நாளுக்கொருமுறை முன்னங்காலில் போட ஊசிமருந்து கொடுத்தனுப்பினார். பிழைக்குமா என்று கேட்டாள். "சாப்பிட ஆரம்பித்தால் சொல்கிறேன்" என்றார்.

முதல் ஊசியின்போது சிரிஞ்சு நழுவிக் கீழே விழுந்தது. இரண்டாவதைப் போட்டுவிட்டு, எங்கே குத்தக்கூடாத இடத்தில் குத்திவிட்டோமோ என்று விடியும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆஷ்லி வீடியோவில் கூப்பிட்டுக் காட்டச் சொன்னபோதெல்லாம், "தூங்குது மக்களே" என்றாள். மூன்றாவது வாரம் கேட்டபோது உண்மையைச் சொன்னாள்.

"தூங்கல. சாகக் கெடக்கு. ஒங்கிட்ட சொல்ல பயந்துட்டேன்." பிறகு, கேட்காமலே, மூன்று வருடம் யாரிடமும் சொல்லாததும் வெளியே வந்தது. "அப்பாவும் தூங்குறாருன்னுதான் நெனச்சேன். ஒருதரம் தொட்டுப் பாத்திருந்தா..."

ஆஷ்லி போனை முகத்தருகே கொண்டுவந்தாள். "நானும் வீட்லதானேம்மா இருந்தேன். மாடில. ஹெட்ஃபோன் போட்டு. ஐ டிட்ன்ட் கம் டவுன்."

இருவரும் போனை வைக்காமல் அழுதார்கள்.

இருபத்தாறாம் நாள், ஒருவாரமாகத் தினமும் வெட்டி வைத்தும் ஒதுக்கிவந்த பப்பாளித் துண்டை குண்டுமணி முகர்ந்தது. ஒரு கடி கடித்தது. ஜெயகுமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கடி.

மருந்து முடிந்த அன்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, நன்றாகக் கவனித்தால் இன்னும் முப்பது நாற்பது வருடம்கூட இருக்கும் என்றார். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. வீடு திரும்பும் வழியெல்லாம் அது ஒரு புதுப் பயமாகக் கூடவே வந்தது.

சைலஸ் போனபின் உயில் எழுதச் சொல்லி வக்கீல் பசுபதி மூன்று முறை நினைவூட்டியிருந்தார். அந்தப் பேச்சை எடுத்தாலே தனக்கும் நாள் குறித்ததாகிவிடும் என்று பயந்து தட்டிக்கழித்தவள், ஏப்ரலில் தானாகவே போய் உட்கார்ந்தாள். தனக்குப்பின் ஆமையை ஆஷ்லி வளர்க்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னாள்.

பசுபதி தலைநிமிர்ந்தார். "ஆமையோட பேரு?"

"குண்டுமணி."

"ஸ்பெல்லிங் சொல்லுங்க."

நிறுத்தி நிதானமாக ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.