குட்டையில் மூச்சுத் திணறல்

அந்த மார்கழியில் தொடர்ந்து சில நாட்கள் வெயிலே இல்லை. மூடிய வானம், ஊதக்காற்று. அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் குட்டையில் கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தோம். கணவருக்குப் பனியன் கம்பெனி. மீன் என் பொறுப்பு. விரல் நீளக் குஞ்சுகளாக வாங்கி விட்டவை முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தன. போட்ட தீவனம் அப்படியே மிதப்பதைப் பார்த்தபோது, குளிருக்குப் பசிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

ஒரு காலையில் பனி விலகியதும் பார்த்தால், குட்டை முழுக்க வாய்கள். மீன்கள் எல்லாம் மேலே வந்து, காற்றை விழுங்குவதுபோல வாயைத் திறந்து திறந்து மூடின. கைதட்டினேன். ஒன்றுகூட மிரண்டு ஓடவில்லை. அதைப் பார்த்துத்தான் பயந்துபோனேன்.

குஞ்சு கொடுத்த பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன்.

“தண்ணியில காத்துப் பத்தலீங்கக்கா,” என்றார். “வெயில் இல்லாட்டி இப்படி ஆகுமுங்க. தீவனத்தை நிறுத்திப்போடுங்க. போர்த் தண்ணி வெதுவெதுன்னு இருக்குமில்லீங்க, அதை ஒசரத்துல இருந்து கொட்ட உடுங்க. சீக்கிரமுங்க!”

ஓடிப்போய் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை. லைனில் வேலை நடக்கிறது, சாயங்காலம்தான் வரும் என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கணவரைப் போனில் அழைத்தேன்.

“ஏனுங்க, மீனெல்லாம் செத்துப்போயிருமுங்க.”

“சித்த இரு, அழுவாத. கம்பெனி ஜெனரேட்டரை ஏத்திக்கிட்டு வர்றேன்.”

“அங்க கரண்ட் போச்சுன்னா?”

“போனாப் போகுது. பனியன் பீஸை நாளைக்குத் தெச்சுக்கலாம்.”

அவர் வரும்வரை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தென்னை மட்டையால் தண்ணீரை அடித்துக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கை மரத்துப்போனது. என் கண்ணெதிரிலேயே சில மீன்கள் வயிறு வெளுக்கப் புரண்டன.

டெம்போ வந்தது. அவரும் டிரைவரும் ஜெனரேட்டரை இறக்கி இணைப்புக் கொடுத்தார்கள். கரையோர வேப்பங்கிளையில் குழாயைக் கட்டினோம். தண்ணீர் லேசாக ஆவி பறக்கக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் அந்தப் பக்கம் கூடின. பிறகு ஒவ்வொன்றாக அடியில் போய் மறைந்தன. கைதட்டிப் பார்த்தேன். தண்ணீர் சளக்கென்று கலைந்தது. பயந்து ஓடின, பாருங்கள்! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஒரு கூடைகூட நிறையாத அளவுக்குத்தான் செத்திருந்தன. மத்தியானம் வெயிலும் எட்டிப் பார்த்தது. கம்பெனியில் கரண்ட் போகவே இல்லை என்று போன் வந்தது. டிரைவர் டீயும் பன்னும் வாங்கி வந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதது அப்போதுதான் நினைவு வந்தது. ஈரச் சேலையோடு கரையில் உட்கார்ந்து, கணவருடைய பன்னையும் சேர்த்து நானே தின்றேன்.