சென்னீர்குப்பத்தில் குரலைக் கொடுத்துவிட்டு வந்தது

காலை 7.40. கள்ளிக்குப்பத்திலிருந்து சென்னீர்குப்பத்துக்கு யாரும் பயணக் கட்டுரை எழுதியதாகத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் காரணம் புரியும். காக்கையாய்ப் பறந்தால் பத்துக் கிலோமீட்டர்தான். காக்கைக்கு டப்பிங் வேலை கிடையாது. எனக்கு இருக்கிறது, அதனால் மூன்று வண்டி. முதலாவது ஷேர் ஆட்டோ, அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையம் வரை இருபது ரூபாய். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக ஒண்டிக்கொண்டேன்.

பத்தொன்பது வருடமாகக் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுக்கிறேன். கடைசியாகப் பேசிய படத்தில் சுமேதா என்ற கன்னடப் பெண், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தொழிலாளியாக நடித்திருந்தாள். முகம் அவளுடையது, பேச்சு என்னுடையது. இத்தனை வருடத்தில் எனக்கே பிடித்த என் வேலை அது ஒன்றுதான். இப்போது அந்தப் படத்தைத் தேசிய விருதுக்கு அனுப்பப் போகிறார்கள். எந்த மொழிப் படமானாலும் சரி, நாட்டிலேயே சிறந்த நடிகை என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார்களே, அந்த விருது. அதற்கு நடித்தவரே சொந்தக் குரலில் பேசியிருக்க வேண்டுமாம். ஆகவே சுமேதாவே மறுபடி பேசுகிறாள். மெட்ராஸ் பாஷை சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

8.30. ஓ.டி.யில் முதலில் வந்த பஸ் மூச்சுவிட இடமில்லாமல் போயிற்று. இரண்டாவதில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். உட்கார இடமும் இல்லாத பஸ். ஆவடியில் இறங்கி, ஒரு டீ குடித்து, பூந்தமல்லி பஸ் பிடித்தேன். பருத்திப்பட்டு, காடுவெட்டி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறினார்களே தவிர யாரும் இறங்குவதாகத் தெரியவில்லை. என் தோள்பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை. கம்பியைப் பிடித்த கை மரத்துப்போய், கையை மாற்றினால் பை நழுவியது.

10.10. சென்னீர்குப்பம். நெடுஞ்சாலையை ஒட்டி நாலு மாடிக் கட்டடம், அதன் உச்சியில் ஸ்டூடியோ. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது நான் பேசும் நிலையில் இல்லை.

டைரக்டர் களைத்துப்போன நல்ல மனிதர். மற்றதெல்லாம் நேற்றே முடிந்துவிட்டது, உச்சக் காட்சி ஒன்றுதான் உதைக்கிறது என்றார். சாயங்காலத்துக்குள் அது சரியாக வராவிட்டால் முழுப் படத்தையும் என் குரலிலேயே விட்டுவிடுவாராம், விருதை மறந்துவிடுவாராம். இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

காட்சி இதுதான். வேலை முடிந்து வரும் பெண், வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டதைப் பார்க்கிறாள். ஒரே ஒரு வசனம். சுமேதா அதை ஆத்திரமாகச் சொன்னாள், அழுது சொன்னாள், பல்லைக் கடித்துச் சொன்னாள். நான், அதில் உட்காருவதற்கு வரும் 'குந்தி'யில் அழுத்தம் போதவில்லை, 'அப்பால'யை நீட்டாதே என்று சில்லறைத் திருத்தங்கள் சொன்னேன். அடிப்படையே தப்பு என்று எனக்கு முதல் டேக்கிலேயே தெரியும். தெரிந்தும் மூன்று மணி வரை சொல்லவில்லை. என் குரல் பிழைத்துக்கொள்ளும் என்ற நப்பாசை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

3.15. சுமேதா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, நான் தப்பு சொல்றேன். என்ன தப்புன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்றதில்லை?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி கேட்டாள். என்னால் முடியவில்லை.

"நீ இங்க எதுல வந்தம்மா?" என்றேன்.

"கார்ல."

என் தோள்பையை அவள் தோளில் மாட்டினேன். கீழே இறங்கி ஏறச் சொன்னேன், மூன்று தடவை, நடுவில் எங்கும் உட்காராமல். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், தடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவள் கதவருகே வந்து சுவரில் கை ஊன்றி நின்றபோது, பையைக்கூட இறக்க விடாமல் மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். படத்தில் வரும் பெண்ணுக்குக் கோபப்படத் தெம்பே இல்லை, உட்கார்ந்தால் போதும், அவ்வளவுதான் என்றேன்.

ஒரே டேக். சவுண்ட் இன்ஜினியர் திரும்பி டைரக்டரைப் பார்த்தார். பிறகு என் குரல் இருந்த டிராக்கை அடைத்தார். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்ப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் அழுதேன்.

மாலை 5.45. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சுமேதா எவ்வளவோ கெஞ்சினாள். மாட்டேன் என்று வந்துவிட்டேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை, வீம்பு. பூந்தமல்லியிலிருந்து வந்த பஸ்ஸில் ஆவடி வரை நின்றுகொண்டே வந்தபோது அந்த வீம்புக்கு நன்றாக அனுபவித்தேன்.

6.50. ஆவடி – அம்பத்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் கம்பெனிச் சீருடையில் ஓர் அம்மாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுமேதாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அந்த டேக்தான். இரைச்சலில் காதில் விழாமல் சத்தத்தைக் கூட்டினேன்.

"சாவிய குடு அண்ணாத்தே. கொஞ்ச நேரம் குந்திகினு அப்பால பேசுறேன்."

பக்கத்து அம்மாள் காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"யாருக்கா அது, உங்க ஊட்டுப் பொண்ணா?" என்றாள். "இன்னாத்துக்கு அத்த வெளிய நிக்க வெச்சிகினு கீறானுங்க?"

வசனத்தில் பிசிறு இருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். இவளோ அந்தப் பெண்ணுக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். இது நடிப்பு, பேசியது கன்னடத்துப் பெண், அங்கே முன்பு இருந்தது என் குரல் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவள் பதிலுக்காக என் முகத்தையே பார்த்தாள்.

"ஆமாம்மா, எங்க ஊட்டுப் பொண்ணுதான்," என்றேன். "சாவிய குடுத்துட்டாங்க. இப்போ குந்திகினு கீது."