ஆயாவின் குவளைக்கு ஒரு ஓட்டை

போன செவ்வாய்க்கிழமை காலையில் பாப்பாவின் நெற்றி சுட்டது.

சுட்டது என்றால் நெருப்பாக இல்லை. அவள் நெற்றியைத் தொட்டு, என் நெற்றியைத் தொட்டு, மறுபடி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற சூடு. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தச் சூடு தெரியும். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது… நம் மனசு மட்டும் கொதிக்கும்.

ஒரே மாதத்தில் இது இரண்டாவது தடவை. டாக்டரிடம் ஓடினேன். "பல்லு மொளைக்குதும்மா, பயப்படாதீங்க" என்று காய்ச்சலுக்கு மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டே, "வீட்டைச் சுத்தி கொசு ஜாஸ்தியோ?" என்றும் கேட்டு வைத்தார்.

முதலில் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டாவதாகக் கேட்டதை மட்டும் வீடு வரை தூக்கிக்கொண்டு வந்தேன். நான் அப்படித்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா என்ன?

ராயபுரத்தில் கொசு இல்லாத வீடு ஏது? ஆனால் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் டின்னில் கத்திரிச் செடி. விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடியில் புதினா. அடி தளர்ந்த மூங்கில் கூடையில் கீரை. பந்தலுக்குக் கம்பி கிடையாது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்காவின் வீட்டுக்காரர், இனிமேல் கடலுக்கு ஆகாது என்று ஒதுக்கிப் போட்ட கிழிந்த வலை. அதில் அவரைக்கொடி ஏறிப் படர்ந்திருக்கிறது. மழை பெய்தால் மட்டும் வலைக்குப் பழைய வாசனை ஞாபகம் வரும்.

பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் வேலை பார்க்கும் என் கணவர் இதை வைத்து என்னைக் கேலி செய்வார். "நம்ம வீட்டுல ஒடைஞ்ச சாமான் எதுவும் குப்பைக்குப் போறதில்ல. பின்னால போய்ப் பூத்துடுது!" என்பார்.

செவ்வாய்க்கிழமை அவர் கேலி செய்யவில்லை.

"இதோ பாரு. ஒங்க ஆயா நெனப்பு ஒனக்கு இருக்கும். இல்லேன்னு சொல்லல. ஆனா கொழந்தை முக்கியமா, டின்னு முக்கியமா? ஞாயித்துக்கெழமை குப்பை வண்டியக் கூப்பிட்டு மொத்தத்தையும் ஏத்திடுறேன்."

இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஒரு தாய் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டுப் பின்பக்கம் போய், புதினா ஜாடியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆயா என் அம்மாவைப் பெற்றவள். கருவாடு விற்று எங்களை ஆளாக்கினாள். எனக்கு அவள் எதையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. தோட்டத்துப் பக்கம் போனாலே, "போய்ப் பட்ச்சிகினு இரு கண்ணு, கைய கலீஜ் பண்ணிக்காதே" என்று துரத்திவிடுவாள். படித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்ததுதான் எல்லாம்.

வீட்டில் ஒரு பாத்திரம் ஒழுகினால் போதும் — அன்றைக்கே தீர்ப்பு. அடைக்க முடியுமா? அடைத்து அடுப்படிக்கு அனுப்புவாள். முடியாதா? கொல்லையில் கவிழ்த்துப் போடுவாள். கட்டைவிரல் தடிமனில் ஒரு ஆணி. கருவாடு விற்ற காலத்து எடைக்கல். அடியில் ஒரே போடு! ஏற்கெனவே ஓட்டையாக இருந்தாலும், தன் கையால் நடுவில் ஒரு ஓட்டை போட்டால்தான் அவளுக்குத் திருப்தி.

"வூட்டுக்கு ஒயச்சது போதும். இனிமே செடிக்கு ஒயைக்கட்டும்" என்று அந்தப் பாத்திரத்திடமே சொல்லுவாள். பிறகு மண் போடுவாள்.

இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அம்மா எதையாவது மூலையில் ஒதுக்கி வைத்தால் ஆயாவுக்குப் பிடிக்காது. "ஒண்ணு வூட்ல இருக்கணும், இல்லாங்காட்டி தோட்டத்துல இருக்கணும். நடுவால இன்னாத்துக்கு?"

யுத்தம் முடிந்த சமயம், குண்டு விழுந்தால் தீயணைக்க மணல் நிரப்பித் தொங்கவிட்டிருந்த சிவப்பு வாளிகளை எங்கெங்கோ தூக்கிப் போட்டார்கள். ஆயா இரண்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். அப்பா அலறிவிட்டார். கவர்மென்ட் வாளியாயிற்றே! "கவர்மென்டே வாணாம்னு கடாசிட்டான் நைனா. அவனுக்கு சண்டை முட்ஞ்சிபோச்சி, எனக்கு இன்னும் மொளகா காய்க்கல" என்றாள். அதில் ஒரு வாளி இப்போது என்னிடம் இருக்கிறது. சிவப்பு வெளுத்துவிட்டது. மிளகாய் காய்க்கிறது.

பாப்பா என் வயிற்றில் இருந்தபோது ஆயா போய்விட்டாள். தொட்டிலுக்குக் கயிறு பார்த்து வைத்திருந்தாள். குழந்தையைப் பார்க்கவில்லை.

அவள் சாமான்களில் உனக்கு எது வேண்டும் என்று அம்மா கேட்டாள். அவள் டீ குடிக்கிற குவளையை எடுத்துக்கொண்டேன். வெள்ளை எனாமல், நீல விளிம்பு. அடியில் எனாமல் பெயர்ந்து துரு ஏறியிருந்தது; இனி குடிக்க ஆகாது. ஆயா இருந்திருந்தால் அன்றைக்கே ஆணிதான். எனக்கு மனசு வரவில்லை. அதில் தண்ணீர் ஊற்றி, அவள் தோட்டத்துக் கற்பூரவல்லியில் ஒரு கிளையைச் சொருகி ஜன்னலில் வைத்தேன். பாப்பாவுக்குச் சளி பிடித்தால் இரண்டு இலை கிள்ளிக்கொள்ளலாம் என்று காரணமும் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிவைப்பேன். அந்த ஜன்னலைக் கடக்கும்போது… சரி, அது இருக்கட்டும்.

புதன்கிழமை காலை. சுவருக்கு மேலே கன்னியம்மா அக்காவின் தலை தெரிந்தது.

"தே, கண்ணு! கொசுக்காரன் வந்துகினு கீறான்! எங்கூட்டு வலைய மட்டும் காட்டிக் குத்துடாதே, இன்னா?"

"வலையில தண்ணி நிக்காதுக்கா."

"ஆமாமில்ல… அப்போ எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு!" தலை இறங்கிவிட்டது.

கொசுக்காரர் என்றால் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்து எண்ணெய் தெளிக்கிறவர். காக்கி அரை நிஜார், தோளில் எண்ணெய் டின், கையில் நீளக் காம்பு வைத்த கரண்டி. பின்பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? தோட்டமா, காயலாங்கடையா?"

இடுப்பில் பாப்பா. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூடத் தாங்காது, இப்போதே எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். போனால் போகட்டும், இவள் நெற்றி குளிர்ந்தால் போதும் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே சமயத்தில்.

அவர் கரண்டியைக் கத்திரிச் செடி டின்னுக்குள் விட்டார். மண்ணில் இடித்தது. டின்னைச் சாய்த்து அடியைப் பார்த்தார். நடுவில் ஓட்டை. ஜாடியைச் சாய்த்தார். ஓட்டை. சிவப்பு வாளி… ஓட்டை. பாவம், அவர் முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

"எல்லாத்துக்கும் நடுவால ஓட்டை போட்டுகீறே! யார் சொல்லிக் குத்தது?"

"எங்க ஆயா பழக்கங்க."

"அந்தம்மா எங்கே? நாலு தெருவு கூட்டினு போய்க் காட்டணும், ஜனங்களுக்கு புத்தி வரும்."

"இல்லீங்க. போய்ட்டாங்க."

அவர் கரண்டியைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு பந்தலை அண்ணாந்து பார்த்து, "அவரைக்கா நல்லா காச்சிகீதும்மா" என்றார். ஒரு மடி பறித்துக் கொடுத்தனுப்பினேன்.

அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்ல! மத்தியானம் ஷிப்ட் முடிந்து கணவர் வந்ததும், சோறு போடுவதற்கு முன்னாலேயே ஒப்பித்துவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே கை கழுவினார்.

"சரி, தோட்டத்த ஒண்ணும் பண்ணல. அப்போ கொசு எங்கேர்ந்து வருது?"

சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. பாப்பாவுக்குச் சாறு பிழியலாம் என்று ஜன்னலுக்குப் போய் இரண்டு இலை கிள்ளினேன். கிளை அசைந்தது. வெயில் நேராகக் குவளைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

தண்ணீருக்குள் நூல் நூலாக என்னவோ நெளிந்தது. மேலே வருவதும், துள்ளிக் கீழே போவதுமாக…

கொசுக்காரர் தோட்டத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. அந்த ஜன்னலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே என் ஒரு கை நீளம்தான் இருக்கும்.

ஊர் தூக்கிப் போட்டதையெல்லாம் ஓட்டை போட்டுக் காப்பாற்றினேன். ஆசையாக, ஓட்டை போடாமல் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. பிரியமானதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் பிரியம் என்று நினைத்துவிடுகிறோம், இல்லையா? காய்ச்சல் அதனால் வந்ததா, பல்லால் வந்ததா — டாக்டருக்கே தெரியாது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆனாலும் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தண்ணீரைச் சுடுமணலில் கொட்டினேன். குவளையைத் துவைக்கிற கல்லில் கவிழ்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவர் சுத்தியலும் ஆணியுமாக வந்தார்.

"நான் அடிக்கட்டுமா?"

"வேணாங்க. நானே."

முதல் அடியில் ஆணி வழுக்கியது. இரண்டாவதில் எனாமல் சில்லுச் சில்லாகத் தெறித்தது. மூன்றாவதில் இறங்கியது. ஆயாவுக்கு ஒரே அடி போதும். அவள் பாத்திரத்திடம் சொல்கிற வார்த்தையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், பக்கத்தில் நிற்கிற அவரைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவர்தான், "சொல்லு, நான் வேணா உள்ள போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சொன்னேன்.

மண் போட்டு, அதே கற்பூரவல்லிக் கிளையை நட்டு, வலைப் பந்தலின் ஓரத்தில் தாழ்வாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குப்பை வண்டி எங்கள் தெருவில் நிற்காமல் போயிற்று. கணவர் வாசல் பக்கமே போகவில்லை.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கீழே ஒரு பல் அரிசி முனை மாதிரி தெரிகிறது. நேற்றுச் சாயங்காலம் குவளைக்குத் தண்ணீர் ஊற்றினேன். சிறிது நேரம் கழித்து ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தவழ்ந்து போய் அடியில் உட்கார்ந்த பாப்பா, கையை நீட்டி அதை ஏந்திக்கொண்டாள். மேலே அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள், யாரோ ஊற்றுகிற மாதிரி.

சேறு, ஈரம், சளி பிடிக்கும் — ஓடிப்போய்க் கையைத் துடைத்துவிடத்தான் எழுந்தேன்…

உட்கார்ந்துவிட்டேன்.